பன்னெண்டாம் நம்பர் சவுக்கு

இப்பிடி வந்து நில்லுங்க மேடம். சவுக்குத் தோப்புல நெழலு தேடுனா கெடைக்காது. இந்தப் பம்புசெட்டுச் செவுத்துக்கிட்ட மட்டுந்தான் கொஞ்சம் உண்டு. அளக்குறது எங்க போயிடப் போவுது, மரம் என்ன நடந்தா போயிடும்? ஒக்காருங்க. நீங்க புதுசா வந்திருக்கீங்க. இந்தத் தோப்போட சங்கதி அந்த நோட்டுல இருக்காது. மின்ன உங்க எடத்துல இருந்த அறிவுடைநம்பி சார் தங்கமான மனுசன், ஆனா அவரு எழுதுனதெல்லாம் வெறும் நம்பரு. நம்பருக்குப் பின்னால ஒரு குடும்பமே நிக்கிதுன்னு அவருக்குத் தெரியாமலே மாத்தலாயிப் போயிட்டாரு.

என் பேரு கலியபெருமாள். அது நோட்டுல இருக்கும். நோட்டுல இல்லாதத சொல்லிடறன், நல்லாக் கேட்டுக்குங்க. இன்னைக்கி நீங்க அளந்து ஏழாம் நம்பர் மொதல்ல வந்திச்சின்னா என் மானம் நிக்கும். பன்னெண்டாம் நம்பர் வந்திச்சின்னா, எம் மச்சான் தனகோட்டி வீட்டு வாசல்ல நான் தாம்பூலத் தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி நிக்கணும். திரௌபதி அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டன். இன்னும் இருவத்தி மூணு நாள்ல எம் பொண்ணு வெண்ணிலாவுக்குக் கலியாணம்.

சிரிக்காதீங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு?

மொதல்லேருந்து சொல்றன். மூணு வருசத்துக்கு மின்ன அறிவுடைநம்பி சாரு ஆராய்ச்சி நெலயத்து ஜீப்புல வந்து எறங்குனாரு. பத்தொம்போது கலப்பு ரகம் வச்சிருக்கோம், உங்க நெலத்துல நட்டு எது நல்லா வளருதுன்னு பாக்கணும்னாரு. எப்பிடிய்யா கலந்தீங்கன்னு கேட்டன். தாயி நம்ம கடலோரத்துச் சவுக்கு, தகப்பன் எங்கியோ தீவுலேருந்து வந்த சவுக்காம். தாய் மரத்துப் பூவுக்கு ஒறை மாட்டி, கண்ட காத்தும் படாம காபந்து பண்ணி, தகப்பன் மரத்துப் பூந்தூள எடுத்தாந்து அதுக்குள்ள தூவுவாங்களாம். ஏன் சார், இது பொண்ணப் பூட்டி வச்சி மாப்பிள்ளை பாத்துக் கட்டிக் குடுக்கற கதையால்ல இருக்குதுன்னன். அதேதாங்க, பொறந்த புள்ளைங்கள்ல எது தேறும்னு பாக்கத்தான் உங்ககிட்ட வளக்கக் குடுக்கறோம்னாரு. எனக்கு அந்தப் பேச்சு புடிச்சிப் போச்சி. சரின்னுட்டன்.

அப்பறம் பாத்தா, ஒரு ரகத்த ஒரு எடத்துல நடுவோம்னு இல்ல. ஒவ்வொண்ணையும் நாலு எடத்துல, எடத்துக்கு இருவது மரமா, சீட்டுக் கட்டக் கலைச்சிப் போட்ட மாதிரி போட்டாரு. இருவதாவது ரகமா நம்ம நாட்டுச் சவுக்கு, ஒப்பு பாக்க. ஏன் சார் இப்பிடின்னா, மண்ணு ஒரு மூலையில நல்லாருக்கும், ஒரு மூலையில மட்டமா இருக்கும், எல்லா ரகத்துக்கும் நல்லதும் கெட்டதும் சமமாக் கெடைக்கணும்னாரு. மனுசனுக்கே கெடைக்கல, மரத்துக்குப் பாக்குறாரு. சரி, படிச்சவரு. அங்கங்க கல்லு நட்டு நம்பரு எழுதுனாரு.

போவும்போது என் கையப் புடிச்சிக்கிட்டு, கலியபெருமாள், எல்லாத்துக்கும் ஒரே தண்ணி, ஒரே ஒரம், ஒரு கண்ணுல வெண்ணெய் ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு வச்சீங்கன்னா இந்த மூணு வருச வேலை மண்ணாப் போயிடும்னாரு. சத்தியம் பண்ணன். அந்தச் சத்தியத்த இன்னி வரைக்கும் காப்பாத்தறன் மேடம். அத நல்லா எழுதிக்குங்க.

இப்ப தனகோட்டி கதைக்கு வாங்க. அவன் எம் பொண்டாட்டி பூங்காவனத்தோட கூடப் பொறந்த தம்பி. ஒரே தம்பி. சவுக்கு வெட்டு மேஸ்திரி. யார் தோப்புல வெட்டுனாலும் அவன் ஆளுங்கதான் வெட்டணும், லாரி ஏத்தணும். இந்தத் தோப்பு வைக்கிறதுக்கு மின்ன இதே நெலத்துல நான் சவுக்குதான் வச்சிருந்தன். அத வெட்ட அவந்தான் வந்தான். வந்தவன் தோப்புக்குள்ள பத்தடி போனான், திரும்பி வந்தான், ஆளுங்க அத்தினி பேரும் அருவாளும் கையுமா நிக்கிறாங்க, அவங்க மின்னாடி சொல்றான்: "மாமா, இத கழின்னு வெளிய சொல்லாத. பந்தலுக்குக்கூட ஆவாது. அடுப்புக்குப் போட்டாலும் அடுப்பு கோணிக்கும்."

எட்டுப் பேரு சிரிச்சாங்க. எண்ணிக்கிட்டன். எட்டுப் பேரு.

கழி கொஞ்சம் வளைஞ்சிதான் இருந்திச்சி, இல்லன்னு சொல்லல. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. சரி, முக்காவாசி. அதுக்காவ சொல்றதா? அக்கா புருசன தனியாக் கூப்புட்டுச் சொன்னா ஆவாதா? இனிமே என் வாசப்படி மிதிக்காதடான்னுட்டன். அவனும் மிதிக்கல. ரோசக்காரன். தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்களே, அதுக்கு அவந்தான் சரியான ஆளு.

அதுக்கப்பறந்தான் இந்தக் கலப்புக் கன்னுங்க வந்திச்சி. நட்டன்னைக்கே பாத்தன், ஏழாம் நம்பரு நெடுநெடுன்னு, தண்டு குச்சியாட்டம் நேரா, பாத்தாலே ஆசையா இருந்திச்சி. அதுக்கு எம் பேரு வச்சன். மனசுக்குள்ள. பன்னெண்டாம் நம்பரு குட்டையா, மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு, ஒரு பக்கம் சாஞ்சிக்கிட்டு நின்னுச்சி. தனகோட்டியேதான். அத நான் மனசுக்குள்ள வைக்கல, பூங்காவனத்துகிட்டயே சொன்னன். இந்தா பாரு, ஒந்தம்பி இங்க நிக்கிறான், தண்ணி காட்டுன்னன். அது முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு வூட்டுக்குள்ள பூடுச்சி.

ரெண்டு வருசம் ஓடிச்சி. போன மார்கழில சாரு ரெண்டாம் வருச அளவு எடுக்க வந்தாரு. மாரு ஒசரத்துல டேப்பு புடிச்சி சுத்தளவு, கம்பு வச்சி ஒசரம். ஏழு ரெண்டாவது எடம். பன்னெண்டு கடைசிலேருந்து மூணாவது. அன்னைக்கி எனக்கு சோறு எறங்குன மாதிரி என்னைக்கும் எறங்குனதில்ல.

அப்பத்தான் வெண்ணிலாவுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருந்தம். சாருக்கு மோரு குடுக்க வந்த பூங்காவனம் அங்கயே நின்னு பேச்ச எடுக்குது. "பொண்ணு மணையில ஒக்காரும்போது தாய்மாமன் நிக்க வாணாமா? பொண்ணப் பெத்தவன் தட்டோட போயி அழைச்சாத்தான் வருவான். அழைக்காம வந்து நின்னா அவனுக்கு என்ன மருவாதி?"ன்னுது. நெய்வேலில இருக்குற ஒங்க சித்தப்பா மவனக் கூப்புடு, அவனும் தம்பி மொறைதானேன்னன். "அவனுக்கு எம் பொண்ணு பேரே தெரியாது"ன்னு அழுதிடிச்சி. வெளி ஆளு மின்னாடி பொம்பள அழுதா நமக்கு எப்பிடி இருக்கும்? எனக்கு சுர்ருனு வந்திச்சி. இந்தா, கேளு, சாரும் சாட்சி. அடுத்த வருசம் அளக்கையில ஒந்தம்பி மரம் என் மரத்த ஜெயிக்கட்டும், நானே தட்டோட போயி அவன் வாசல்ல நிக்கிறன். ஜெயிக்கலன்னா தனகோட்டிங்கற பேச்சே இந்த வூட்டுல எடுக்கக் கூடாது. திரௌபதி அம்மன் மேல ஆணைன்னன். கடைசிலேருந்து மூணாவது மரம் மேடம். யாரா இருந்தாலும் தைரியமாத்தான் சத்தியம் பண்ணுவாங்க.

பூங்காவனம் கண்ணத் தொடச்சிக்கிட்டு சரின்னுடிச்சி. அதோட கொணம் அது, சட்டுனு அடங்கிடும்.

என்ன கேட்டீங்க? ஏழுக்கு எதுனா தனியாப் போட்டனா? மேடம், இப்பத்தான் சொன்னன் சத்தியத்தக் காப்பாத்துனன்னு. மூட்டையில வந்த ஒரம் எல்லாத்துக்கும் ஒரே அளவு. கிண்ணத்தால அளந்து போட்டன். கிண்ணத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறத ஏழு கிட்ட போயி தட்டிட்டு வருவன். அது ஒரத்துல சேருமா? மூட்ட ஒதறுனதும் அங்கதான். யூரியா கொஞ்சம் மிஞ்சிச்சின்னா வச்சிக்கிட்டு என்ன செய்யறது, வூட்டுல வச்சா நீர்த்துப் பூடும். ஆடு கட்டறதுக்கு ஒரு எடம் வேணும், அத ஏழுங்க மத்தியில கட்டுனன். ஆடு பண்ணுற வேலைக்கு நான் பொறுப்பா? நாலு எடத்துலயும் பக்கத்து மரங்க கெள போட்டு ஏழுக்கு வெயில மறைச்சிச்சி, அத மட்டும் கழிச்சி உட்டன். வேற ஒண்ணும் இல்ல. மடைய ராத்திரி மூடாம உட்டது மறதி.

ஏழு வளந்திச்சி பாருங்க, அப்பிடி ஒரு வளத்தி. ஆவணியில பாத்தா மத்த மரத்தவிட ஒரு ஆளு ஒசரம் கூட. கருகருன்னு. ஊருல போறவன் வர்றவன்லாம் நின்னு பாக்கறான். எனக்கு மாரு ரெண்டு அங்குலம் கூடிடிச்சி.

பூங்காவனமா? அதப் பத்தி ஏன் கேக்கறீங்க, அது பாவம். அதுக்குத் தம்பி ஏக்கம் புடிச்சிக்கிச்சி. போன மார்கழிலேருந்து தெனம் காலையில கொடத்த இடுப்புல வச்சிக்கிட்டு தோப்புக்குள்ள போவுது. போயி பன்னெண்டாம் நம்பரு கிட்ட நிக்கிது. நானே பாத்திருக்கன். தம்பி பேரு வச்ச மரமில்லையா, அதுகிட்ட நின்னா மனசு ஆறுது போல. அதுலயும் பாருங்க, ஒரு நாளைக்கிக் கெழக்கால இருக்குற பன்னெண்டு, மறுநாள் மேக்கால இருக்குறது, அப்பறம் ஓடைப் பக்கம், அப்பறம் பனைமரத்தண்ட. நாலு எடத்துலயும் மாத்தி மாத்தி நிக்கிது. ஏக்கம் புடிச்சவங்களுக்கு ஒரு எடத்துல இருப்பு கொள்ளாதுங்கறது சரியாத்தான் இருக்குது.

கொடத்துல என்னவா? மீன் கழுவுன தண்ணி, அரிசி கழுவுன தண்ணி, அதுதான். எங்கியோ ஊத்தணுமில்ல, வாசல்ல ஊத்துனா ஈ மொய்க்கும். சில நாளு சாம்பக் கூடையும் போவும். சாணிக் கூடை வாரத்துல ரெண்டு தரம். எந்தம்பி மாடு வச்சிருக்கான், அந்த வாசனை வந்தா அவன் நெனப்பு வருதுன்னிச்சி. நான் தடுக்கல. ஒரு பொம்பள மனசாறட்டும், நமக்கென்ன நட்டம்?

ஏன் மேடம், பேனா மை தீந்துபோச்சா?

அப்பறம் கார்த்திகையில புயலு வந்திச்சி. ராவெல்லாம் காத்து. விடிஞ்சி போயி பாக்கறன், ஏழாம் நம்பரு எம்பது மரத்துல முப்பத்தொண்ணு இடுப்போட முறிஞ்சி கெடக்குது. மீதில பாதி சாஞ்சி நிக்கிது. ஆடு ஒரசி ஒரசி பட்டை தேஞ்ச எடத்துலயே முறிஞ்சிருக்கு. பக்கத்து மரமெல்லாம் கெளயில்லாம மொட்டையா நிக்கிது, காத்த மறைக்க ஒண்ணும் இல்ல. எதுத்தாப்புல பன்னெண்டு. ஒண்ணு கூட அசங்கல. கைய கட்டிக்கிட்டு என்னையே பாக்குது.

எம் மேல இருந்த வயித்தெரிச்சலு மரத்து மேல எறங்கிடிச்சி, தனகோட்டி கண்ணு பட்டிடிச்சின்னுதான் நெனச்சன். வேற என்ன காரணம் இருக்க முடியும்? அவ்ளோ ஆசையா வளத்தன். சாஞ்சதுக்கெல்லாம் மூங்கில் முட்டுக் குடுத்து நிமித்தி வச்சிருக்கன், நீங்களே பாத்தீங்க. முட்டு ஒரம் இல்லையே. இன்னொண்ணு, டேப்புல ஒரு முனைய நான் புடிக்கிறன். ஏழு கிட்ட கொஞ்சம் தளத்திப் புடிச்சா நீங்க கோவிச்சிக்கக் கூடாது. முறிஞ்சத எண்ணாம உட்டுட்டீங்கன்னா, நிக்கிறதுல ஏழு இன்னும் ஒசரந்தான். அதத்தான் கேக்க வந்தன். நிக்கிறத மட்டும் அளங்க.

ஏன் நோட்ட மூடிட்டீங்க?

செல்லாதா? எது செல்லாது, ஏழா?

பன்னெண்டும் செல்லாதா? அத ஏன்? எம் பொண்டாட்டிய ஏன் இழுக்கறீங்க மேடம்? அது எங்க ஒரம் போட்டுச்சி? அது தம்பிய நெனச்சிக்கிட்டு நிக்கப் போச்சி, இப்பத்தானே சொன்னன். சரி, படிச்சவங்க சொல்றீங்க. ஏழு, பன்னெண்டு, கெள கழிச்சது, தண்ணி பாஞ்சது, ஆடு மேஞ்சது... மொத்தத் தோப்புமா? கணக்குலயே சேராதா? மத்த நாலு ஊருல வச்சிருக்கறத வச்சித்தான் எந்த ரகம்னு முடிவு பண்ணுவீங்களா?

மூணு வருசம் மேடம். அறிவுடைநம்பி சாருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு. நான் வேணும்னு எதுவும் செய்யல. சரி, நான் என்ன செஞ்சன்னே எனக்கு இன்னும் வெளங்கல, ஆனா உங்க மொகம் வாடிப் போச்சி, அதுக்கு மன்னிச்சிக்குங்க.

அப்ப பந்தயம்?

ரெண்டும் செல்லாதுன்னா ஏழும் தோக்கல, பன்னெண்டும் ஜெயிக்கல. நான் எங்கயும் போவ வாணாம். சத்தியமும் நின்னுடிச்சி, மானமும் நின்னுடிச்சி. நல்லது. ரொம்ப நல்லது மேடம். நீங்க மகராசியா இருங்க.

நல்லதுதான்.

இருங்க, எங்க கெளம்பறீங்க? வெயில் தாழட்டும். ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லாதீங்க. முந்தாநாளு சிதம்பரம் போனன், கலியாணத்துக்குத் துணி எடுக்க. எடுக்கும்போதே தனகோட்டிக்கும் ஒரு வேட்டி துண்டு எடுத்துட்டன். எட்டு மொழ வேட்டி, நல்ல கரை. அவன் ஒடம்புக்கு நாலு மொழம் சுத்துக்கே பத்தாது. அத பீரோவுல என் சட்டைக்கு அடியில வச்சிருக்கன். பூங்காவனத்துக்குத் தெரியாது.

அவன் கெட்டவன் இல்ல மேடம். வாயிதான். வெண்ணிலாவுக்கு மூணு வயசுல வெறி நாயி கடிச்சிச்சி. அப்ப பஸ்ஸு இல்ல. தோள்ல தூக்கிக்கிட்டு கடலூர் வரைக்கும் ஓடுனவன் அவன். நான் பின்னாலயே சைக்கிள்ல போறன், அவனப் புடிக்க முடியல. அந்தப் பொண்ணு இப்ப பத்திரிகையில தாய்மாமன்னு போட்டிருக்குற எடத்துல வெரல வச்சிக்கிட்டு, வெறுமன ஒக்காந்திருக்குது. பேர மட்டும் அச்சடிச்சிட்டம், பூங்காவனம் போட்டே ஆவணும்னு நின்னுச்சி. அந்த வெரல என்னால பாக்க முடியல.

புயலுக்கு மறுநாளு, ஏழு முறிஞ்சி கெடக்கறதப் பாத்தப்ப வயிறு எரிஞ்சிச்சி, பொய் சொல்லல. எரிஞ்சிக்கிட்டே இருக்கும்போது உள்ள ஒரு ஓரமா, அப்பாடான்னு இருந்திச்சி. அன்னைலேருந்து ஒத்திகை பாக்கறன். வாசல்ல நின்னு என்ன சொல்றதுன்னு. இந்தா பாரு தனகோட்டி, நானா வரல. மரம் ஜெயிச்சிடிச்சி, சத்தியம் பண்ணிட்டன், அம்மன் இழுத்தாந்து உட்டுட்டாங்க. அவ்ளோதான் பேச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை தேவையில்ல, தட்ட நீட்டிடலாம். இப்ப நீங்க ரெண்டும் செல்லாதுன்னுட்டீங்க. என்னை எது இழுத்தாந்து உட்டுச்சின்னு அவன்கிட்ட சொல்லுவன்? நானா வந்தன்னு சொல்லணும். மூணர வருசம் கழிச்சி, அந்த எட்டுப் பேரு இன்னும் அவன் வாசல்லதான் அருவாளத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பானுங்க, அவனுங்க மின்னாடி நானா வந்தன்னு சொல்ல நாக்கு எழுமா மேடம்?

உங்க நோட்டுல நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. செல்லாதுன்னே எழுதுங்க, அது உங்க தொழில் தருமம். ஒரு மொடக்கு மோருக்கு மட்டும் வூட்டுக்கு வந்திட்டுப் போங்க. பூங்காவனம் கேக்கும். பன்னெண்டு ஜெயிச்சிடிச்சின்னு சொல்லுங்க. கொஞ்ச நஞ்சமா இல்ல, நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சிடிச்சின்னு சொல்லுங்க. நான் அங்க நின்னுக்கிட்டு டேப்பு சரியில்ல, அளவு சரியில்லன்னு கத்துவன். நீங்க கண்டுக்காதீங்க.